ஆட்டோ சங்கரும் அரசியல் சட்டமும்

பத்திரிகைச் சட்டம் பற்றி ஒரு பதிவு என்று சொன்னால் பாதிப் பேர் இந்த வரியிலேயே கழண்டுக்குவீங்கன்னு தெரியும். கொஞ்சம் இருங்க. இதுல கொலை இருக்கு, ஜெயில் இருக்கு, ஜெயிலுக்குள்ளே இருந்து வந்ததாச் சொல்லப்பட்ட 300 பக்கக் கையெழுத்துப் பிரதி இருக்கு. வக்கீல் பாஷை முடிஞ்ச வரைக்கும் இருக்காது. நான் வக்கீலும் இல்லை, ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிற ஆசாமி. தீர்ப்புகளைப் படிக்கிறது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். (வீட்டுல இதுக்கு வேற பேர் வெச்சிருக்காங்க :-))

விஷயம் இதுதான். இன்னொருத்தரைப் பற்றி நாம எழுதலாமா? எவ்வளவு தூரம் எழுதலாம்? எழுதறதுக்கு முன்னாடியே தடுக்கிற அதிகாரம் யாருக்காவது இருக்கா? எழுதினது உண்மைன்னா தப்பிச்சிடலாமா? எழுதற எல்லாருக்கும் என்னைக்காவது ஒருநாள் வயித்தைக் கலக்கப்போற கேள்விகள் இவை. இந்தியாவில் இந்தக் கேள்விகள் எந்தக் கோர்ட்டில் வந்தாலும் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிற தீர்ப்பு ஒண்ணு உண்டு. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. ராஜகோபால் வேற யாரும் இல்லை, நக்கீரன் கோபால்தான். அந்த 300 பக்கத்துக்குச் சொந்தக்காரர் ஆட்டோ சங்கர்.

அங்கே போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பிளாஷ்பேக்.

நம்ம அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியில் ‘பத்திரிகைச் சுதந்திரம்’ங்கிற வார்த்தையே கிடையாது. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமை, கருத்துரிமை கொடுக்குது. பத்திரிகைக்காரனுக்கும் அதுதான், உங்களுக்கும் எனக்கும் அதுதான். அதுக்கு அடுத்தாப்புல 19(2)ல், எந்தெந்தக் காரணத்துக்காக இந்த உரிமையைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. 1950 ஜனவரியில் அந்தப் பட்டியல் ரொம்பச் சின்னது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, அரசின் பாதுகாப்புக்கு ஆபத்து. கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் நீண்டதில் நம்ம சென்னை மாகாணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. 1950 பிப்ரவரி 11ம் தேதி சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் செத்துப்போனாங்க. கம்யூனிஸ்ட் கட்சிக்கு இங்கே தடை இருந்த காலம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியே, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்தின ‘கிராஸ் ரோட்ஸ்’ங்கிற இடதுசாரி வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள்ளே வரக்கூடாதுன்னு அரசு உத்தரவு போட்டுச்சு. காரணம்: பொது அமைதி. தாப்பர் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே மாசம் தீர்ப்பு. எழுதினவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, அவரும் நம்ம ஊர்க்காரர்தான். “பொது அமைதிங்கிற காரணம் 19(2)ல இல்லையே, அப்போ தடை செல்லாது” என்பதுதான் சாரம். சிம்பிள்.

இது நேருவுக்குப் பிடிக்கலை. பட்டியல்லதானே இல்லை, சேர்த்துட்டாப் போச்சு! 1951 ஜூன்ல முதல் அரசியல் சட்டத் திருத்தம். பொது அமைதி, வெளிநாட்டு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் எல்லாம் உள்ளே வந்துச்சு. கூடவே ‘நியாயமான’ கட்டுப்பாடுங்கிற ஒரு நல்ல வார்த்தையும் வந்தது. அந்த ஒத்தை வார்த்தைதான் பின்னாடி பல பத்திரிகைகளைக் காப்பாத்தியிருக்கு.

பிளாஷ்பேக் முடிஞ்சது. இனி மெயின் கதை.

ஆட்டோ சங்கர் விவகாரம் வெடிச்சப்போ நான் பிறக்கவே இல்லை. ஆனா எங்க தலைமுறையும் அந்தப் பேரைக் கேட்டுத்தான் வளர்ந்தது. கௌரி சங்கர், திருவான்மியூர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டினவன். ஆறு கொலைகள். கைதாகி, 1990ல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பிச்சு, ஒரிசாவில் ரூர்கேலாவில் மறுபடி பிடிபட்டான். 1991 மே மாதம் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது. 1992ல் ஹைகோர்ட் அதை உறுதி செஞ்சது. 1994 ஏப்ரல் 5ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளுபடி செஞ்சிடுச்சு.

இந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கங்க. ஏன்னா ஒன்றரை மாசம் கழிச்சு, மே 21 தேதியிட்ட நக்கீரன் இதழில் ஒரு அறிவிப்பு வந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடராக வரப்போகுது, அவனோட தொடர்பு வெச்சிருந்த ஐ.ஏ.எஸ், ஐ.பி.எஸ் அதிகாரிகள் பேரெல்லாம் அதில் இருக்குன்னு. பத்திரிகைத் தரப்பு கோர்ட்டில் சொன்னது என்னன்னா, சங்கர் 1991லேயே ஜெயிலில் 300 பக்கம் எழுதி, ஜெயில் அதிகாரிகளுக்குத் தெரிஞ்சே மனைவி கையில் கொடுத்து, அது வக்கீல்கிட்ட போய், அங்கேயிருந்து நக்கீரனுக்கு வந்ததுன்னு. அறிவிப்பு வந்ததும் அதிகாரிகள் பதறிப்போய், சங்கரை அடிச்சு உதைச்சு “நான் எதுவும் எழுதலை”ன்னு கடிதம் எழுதி வாங்கினாங்கன்னும் குற்றம் சாட்டினாங்க.

சிறைத்துறை இதையெல்லாம் மறுத்தது. ஜூன் 15ம் தேதி சிறைத்துறை ஐ.ஜி.கிட்டயிருந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம் போச்சு. அப்படி ஒரு சுயசரிதையே கிடையாது, இது சிறை விதிகளுக்கு விரோதம், போட்டா சட்டப்படி நடவடிக்கை, அப்படீன்னு. நக்கீரன் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கிட்டு நேரா சுப்ரீம் கோர்ட் வாசலுக்குப் போயிட்டாங்க.

வழக்கு எப்படி நின்னுச்சுன்னு பாருங்க. ஒரு பக்கம் பத்திரிகை, இன்னொரு பக்கம் அரசு. சங்கர் கட்சிக்காரனே இல்லை! அவன் மனைவி இல்லை, வக்கீல் இல்லை. 300 பக்கத்தை எழுதினவன்னு ஒரு தரப்பும், எழுதாதவன்னு இன்னொரு தரப்பும் சொல்ற அந்த ஒரு ஆளை யாரும் கோர்ட்டுக்கு முன்னாடி கொண்டு வரலை. அதனால நீதிபதிகள் (பி.பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென்) ஒரு முடிவுக்கு வந்தாங்க. அவன் எழுதவும் இல்லை, போடச் சொல்லவும் இல்லைன்னு வெச்சுக்கிட்டே சட்டத்தைச் சொல்லுவோம்னு. அந்த 300 பக்கம் நிஜமா, யார் எழுதினது, அதில் இருக்கிறது உண்மையாங்கிற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடை கிடையாது. தேடிப் பார்த்து ஏமாறாதீங்க.

கோர்ட் தனக்குத் தானே எழுப்பிக்கிட்ட கேள்விகளில் ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கைதி உள்ளே இருக்கான், தன் உரிமைக்காகத் தானே வழக்குப் போட முடியாது, அதனால அவனோட அந்தரங்கத்தைக் காப்பாத்த அவன் சார்பா சிறை அதிகாரிகளே புத்தகத்தைத் தடுக்கலாமா? படிச்சப்போ சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை. இன்னும் கொஞ்ச மாசத்துல தூக்கில் போடப் போற ஆளோட அந்தரங்கத்து மேல அரசாங்கத்துக்கு அப்படி ஒரு அக்கறை!

1994 அக்டோபர் 7ம் தேதி தீர்ப்பு வந்தது. கடிதம் போய் நாலு மாசம்கூட ஆகலை. சொன்னதை என் பாஷையில் சொல்றேன்.

முதல்ல, தடுக்க முடியாது. ஒரு விஷயம் அச்சாகி வெளியே வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தற அதிகாரத்தை அரசுக்கோ அதிகாரிக்கோ எந்தச் சட்டமும் கொடுக்கலை. உங்களைப் பற்றித் தப்பா வந்துச்சா, வந்ததுக்கு அப்புறம் வழக்குப் போடுங்க. அமெரிக்காவில் 1971ல் பென்டகன் ஆவணங்கள் வழக்கில் நடந்ததை இதுக்கு முன்மாதிரியா எடுத்துக்கிட்டாங்க.

அடுத்து, அரசாங்கம்ங்கிற அமைப்பே “என் மானம் போச்சு”ன்னு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. நகராட்சியும் அப்படித்தான். இது இங்கிலாந்தில் 1993ல் டெர்பிஷையர் கவுன்சில் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னது.

மூணாவதுதான் பத்திரிகைகளுக்குப் பெரிய வரம். ஒரு அதிகாரி தன் பதவிக் கடமையில் செஞ்சதைப் பற்றி எழுதினா, எழுதினது தப்பாவே இருந்தாலும், அவர் நஷ்ட ஈடு வாங்க முடியாது. உண்மையா பொய்யான்னு கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினாங்கன்னு அவர் நிரூபிக்கணும். எழுதினவர், நியாயமான அளவுக்கு விசாரிச்சுட்டுத்தான் எழுதினேன்னு காட்டினாப் போதும். இதுக்கு மூலம் 1964ல் வந்த நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன். அலபாமா போலீஸ் பற்றி வந்த ஒரு விளம்பரத்தில் சில சின்னச் சின்னத் தப்புகள் இருந்துச்சு. அதுக்கு ஜூரி போட்ட நஷ்ட ஈடு 5 லட்சம் டாலர். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கி எறிஞ்சது. தப்பே இல்லாமல்தான் எழுதணும்னா எவனும் அரசாங்கத்தைப் பற்றி எழுதவே மாட்டான், அதுதான் காரணம். ப்ரோக்ராம் எழுதறவனுக்கு இது நல்லாவே புரியும். பக் இருந்தா வேலை போயிடும்னா யார் கீபோர்டைத் தொடுவாங்க? ஆனா டெஸ்டே பண்ணாமல் அனுப்பினா கேட்கத்தானே செய்வாங்க?

இதுக்கு விலக்கு உண்டு. கோர்ட்டுக்கு அவமதிப்புச் சட்டம் அப்படியே இருக்கும், சட்டமன்றத்துக்கு உரிமை மீறல் அப்படியே இருக்கும், அரசு ரகசியச் சட்டமும் இருக்கும். இந்த விலக்கு எவ்வளவு பெரிய ஓட்டைன்னு தமிழ்நாட்டுக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1987ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூணு மாசம் கடுங்காவல் போட்டது. நாடே கத்தினதுல சீக்கிரமே விட்டுட்டாங்க, பின்னாடி ஹைகோர்ட் அவருக்கு அடையாளமா 1000 ரூபாய் நஷ்ட ஈடும் கொடுத்தது. 2003ல் மறுபடியும் இந்து, முரசொலி ஆசிரியர்களுக்கு 15 நாள். சுப்ரீம் கோர்ட் தடை போட்டதால ஜெயிலுக்குப் போகலை.

இதெல்லாம் பத்திரிகைக்காரங்க கொண்டாடற பாதி. இன்னொரு பாதியைப் பற்றி அதிகம் யாரும் பேசறதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது.

அதே தீர்ப்பு, அந்தரங்க உரிமை உயிர் வாழும் உரிமையிலேயே (21வது பிரிவு) அடக்கம்னு சொல்லுது. ஒருத்தரோட குடும்பம், கல்யாணம், குழந்தைப்பேறு, படிப்பு இதையெல்லாம் அவர் சம்மதம் இல்லாமல் எழுதினா நஷ்ட ஈடு கொடுக்கணும். உண்மையா இருந்தாலும் சரி, பாராட்டா இருந்தாலும் சரி! நம்மில் நிறையப் பேருக்கு ‘உண்மையைத்தானே எழுதினேன்’னு ஒரு தைரியம் இருக்கும். இந்த இடத்தில் அது செல்லாது. மான நஷ்ட சிவில் வழக்கில் உண்மைங்கிறது முழுக் கவசம். கிரிமினல் அவதூறில் பாதிக் கவசம், உண்மையும் வேணும், பொது நன்மையும் வேணும். அந்தரங்கத்தில் அது கவசமே இல்லை. தானா வலிய வந்து சர்ச்சையில் தலையைக் கொடுத்தவங்களுக்குத்தான் நிலைமை வேற.

அதனால்தான் நக்கீரனுக்குக் கிடைச்ச கடைசி உத்தரவு ரெண்டு பக்கமும் கூரான கத்தி. கோர்ட் ஆவணம் மாதிரி பொது ஆவணங்களில் இருக்கிற அளவுக்குச் சங்கரின் கதையை அவன் சம்மதம் இல்லாமலே போடலாம். அதைத் தாண்டி அவன் வாழ்க்கைக்குள்ளே போனா, அது அவன் அந்தரங்கத்தில் தலையிடறதா ஆகலாம், விளைவுக்குப் பத்திரிகைதான் பொறுப்பு. ஆறு கொலை செஞ்சு தூக்கு உறுதியான ஒருத்தனுக்கும் தன் வாழ்க்கை மேல் உரிமை உண்டுன்னு ஒரு கோர்ட் சொன்னது சாதாரண விஷயமில்லை. ஆறரை மாசம் கழிச்சு, 1995 ஏப்ரல் 27ம் தேதி, அவனைத் தூக்கில் போட்டாங்க. எங்கேன்னு கேட்டா, அதே சேலம் மத்திய சிறையில்.

தீர்ப்பு தொடாமல் விட்ட இடமும் ஒண்ணு உண்டு. இதெல்லாம் சிவில் வழக்குக்குத்தான், இ.பி.கோ. 499, 500 பற்றி (அதாவது கிரிமினல் அவதூறு பற்றி) நாங்க எதுவும் சொல்லலைன்னு நீதிபதிகள் வெளிப்படையாவே எழுதினாங்க. அந்த ஓட்டை வழியா அடுத்த இருபது வருஷம் வண்டி வண்டியா வழக்கு போச்சு. அரசு தன் பேர்ல நஷ்ட ஈடு கேட்க முடியாதுதான். ஆனா முதல்வர், அமைச்சர் சார்பா அரசு வக்கீலே நேரா செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் புகார் கொடுக்கலாம்னு நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. செலவு நம்ம வரிப் பணம். அதே சட்டத்தை எதிர்த்து சுப்ரமணியன் சுவாமி போட்ட வழக்குக்கும் காரணம், 2014ல் தமிழ்நாடு அரசு ஜெயலலிதா சார்பா அவர் மேல் போட்ட அவதூறு வழக்குகள்தான். 2016 மே மாசம் சுப்ரீம் கோர்ட், கிரிமினல் அவதூறு செல்லும்னு சொல்லிடுச்சு. ஒருத்தரோட நற்பெயரும் 21வது பிரிவில் அடக்கமாம். நக்கீரன் தீர்ப்பு தனிமனுஷனுக்காகத் திறந்த கதவு வழியா அமைச்சர்களும் உள்ளே வந்துட்டாங்க. இந்தத் தீர்ப்பில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஆனா 2020 மே மாசம் சென்னை ஹைகோர்ட், தமிழ்நாடு அரசு பத்திரிகை ஆசிரியர்கள் மேல் போட்டிருந்த அவதூறு வழக்குகளை மொத்தமா ரத்து செஞ்சது. அதில் இந்து என். ராமும் இருந்தார், நம்ம நக்கீரன் கோபாலும் இருந்தார். 2024 ஜூலையிலிருந்து இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு, அவதூறு இப்போ 356வது பிரிவு. ரெண்டு வருஷம் ஜெயில் அப்படியே இருக்கு, புதுசா ‘சமூக சேவை’யும் ஒரு தண்டனையாச் சேர்ந்திருக்கு. இணையத்துக்குன்னே இருந்த 66ஏ பிரிவு 2015லேயே செத்துப்போச்சுன்னு நிம்மதியா இருக்கிற நண்பர்களே, 356 நமக்கும் சேர்த்துத்தான்.

சரி, சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. ஒரு கொலைகாரனோட வாழ்க்கைக் கதையில் அவன் மட்டுமா இருப்பான்? மனைவி, பிள்ளைகள், செத்தவங்களோட வீட்டு ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. பாலியல் வன்முறை, கடத்தல் மாதிரிக் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணோட பேர், கோர்ட் ஆவணத்திலேயே இருந்தாலும், பத்திரிகையில் வரக்கூடாதுன்னு 1994 தீர்ப்பே சொல்லியிருக்கு. மத்தவங்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. 2019ல் ஆட்டோ சங்கர் வெப் சீரிஸாவும் வந்துட்டான். செத்தவரோட அந்தரங்க உரிமை வாரிசுக்கு வராதுன்னு 2021ல் சென்னை ஹைகோர்ட் தலைவி படம் சம்பந்தமான வழக்கில் சொல்லிடுச்சு. சட்டப்படி சரிதான். இல்லேன்னா வரலாறே எழுத முடியாது. ஆனா செத்தவங்களோட அம்மாவோ தம்பியோ டீக்கடை டிவியில் அந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்தா என்ன பண்ணுவாங்கன்னு எந்தப் பிரிவிலும் இல்லை. அது எழுதறவன், எடுக்கறவன் தலையில்தான் விடியுது.

‘பொது ஆவணம்னா போடலாம்’ங்கிற விதியும் காலத்தோட மாறிப்போச்சு. 1994ல் பொது ஆவணம்னா செங்கல்பட்டுக் கோர்ட் ரெக்கார்டு ரூமில் தூசி படிஞ்ச கட்டு. பார்க்கணும்னா பஸ் ஏறிப் போய் மனு எழுதிக் கொடுக்கணும். இப்போ எல்லாத் தீர்ப்பும் இணையத்தில், தேடுபொறி இன்டெக்ஸில். பேரைத் தட்டினா முதல் பக்கத்தில் வந்து நிக்கும். ஆவணம் அதே ஆவணம்தான். ஆனா இன்டெக்ஸ் போட்ட டேபிளும் போடாத டேபிளும் ஒண்ணு இல்லைன்னு எங்க தொழில்ல முதல் வாரத்திலேயே சொல்லித் தந்துடுவாங்க.

இதுவும் நம்ம ஊர் கோர்ட்டுக்கே வந்தது. கிரிமினல் வழக்கில் விடுதலையான ஒருத்தர், தீர்ப்பில் என் பேரை மறைங்க, தேடினா வந்துட்டே இருக்குன்னு கேட்டார். 2021 ஆகஸ்டில் ஹைகோர்ட் தனி நீதிபதி, சட்டம் வரட்டும்னு மறுத்துட்டார். 2024 பிப்ரவரியில் ரெண்டு நீதிபதி பெஞ்ச் மறைக்கச் சொன்னது. அதே ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டது. எனக்கு மனசு அந்த ஆள் பக்கம்தான். விடுதலை ஆனவன் ஒவ்வொரு வேலை இன்டர்வியூவிலும் மறுபடி மறுபடி கூண்டில் ஏற வேண்டியிருக்கு. ஆனா தீர்ப்புகளில் பேரை மறைக்க ஆரம்பிச்சா, முதல்ல வரிசையில் நிக்கப்போறது நக்கீரன் அறிவிப்பைப் பார்த்துப் பதறின மாதிரி ஆட்கள்தான்னும் தோணுது.

ஆட்டோ சங்கரோட கொலை வழக்கில் 1994 ஏப்ரலில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் இணையத்தில் அப்படியேதான் இருக்கு. செத்த ஆறு பேரோட பேர், யார் யாரோடு எங்கே இருந்தாங்க, கடைசியா யார் பார்த்தாங்க எல்லாம் அதில் உண்டு. பொது ஆவணம், போடலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. இந்தப் பதிவுக்காக உட்கார்ந்து முழுசாப் படிச்சேன். பேர்களை இங்கே எழுதலை.